பாம்பு முட்டையை வீட்டில் பொரிக்க வைக்கலாமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் இன்றைய இளைஞர்களில் சிலருக்கு அந்த நடுக்கம் இல்லை. கிளி, பூனை, மீன் என்று வளர்த்த காலம் போய், பாம்பையும் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் காலம் வந்துவிட்டது. வளர்க்கும் பாம்பு ஒரு நாள் முட்டையிடும். அந்த முட்டைகளை என்ன செய்வது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழுகிறது.

"வீட்டில் பாம்பு முட்டையைப் பொரிக்க வைக்கலாமா, கூடாதா?" இந்தத் தலைப்பை ஒரு பேச்சு அரங்கத்தில் வைத்தால் அரங்கம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். "அதுவும் ஓர் உயிர்தானே" என்பார்கள் ஒரு சாரார். "பாம்புக்குப் பால் வார்த்த கதையாகிவிடும்" என்பார்கள் மறு சாரார். இரு தரப்பிலும் உணர்ச்சி இருக்கும். ஆனால் விவரம் குறைவாக இருக்கும். விவரம் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவே சரியான முடிவு.

கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங்கை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்று. மகன் சோளப் பாம்பு ஒன்றை வளர்க்கிறான். ஒரு காலையில் தொட்டியின் மூலையில் வெள்ளை வெள்ளையாக 14 முட்டைகள். "ஏன்டா தம்பி, ஒன்றுக்கே இடமில்லை, இனி பதினைந்தா?" என்று அம்மா கேட்கிறார். "பாவம்மா, பொரிக்க வைத்துப் பார்க்கிறேனே" என்கிறான் மகன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எது பெரிய நியாயம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கோழி முட்டை வேறு, பாம்பு முட்டை வேறு

உலகில் உள்ள பாம்பு வகைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு முட்டையிடுபவை. மற்றவை குட்டி போடுபவை. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பக்தர்கள் பார்க்கும் வாக்ளர் குழிவிரியன் குட்டி போடும் வகை. கேமரன் மலையின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பச்சைக் குழிவிரியன் ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டில்தான் அது தனி இனமாக அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. மூடுபனி மலையில் வாழ்வதால் பனிமூட்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து அதற்குப் பெயரிட்டார்கள். அதுவும் குட்டி போடுவதுதான். மலைப்பாம்பு, நாகம், ராஜநாகம், சாரைப்பாம்பு, சோளப் பாம்பு ஆகியவை முட்டையிடுபவை.

கோழி முட்டையின் ஓடு கெட்டியானது. பாம்பு முட்டையின் ஓடு பதப்படுத்திய தோல் போல நெகிழ்ந்து கொடுக்கும். அந்த ஓட்டின் வழியாக நீரும் காற்றும் உள்ளே போய் வரும். சுற்றுப்புற ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் பருத்து எடை கூடுவது உண்டு. ஈரம் போதாவிட்டால் வற்றிச் சுருங்கிவிடும்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. கோழி அடைகாக்கும்போது முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அடைகாக்கும் இயந்திரங்களிலும் அப்படித்தான் செய்வார்கள். பாம்பு முட்டையைத் திருப்பக் கூடாது. முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு மூழ்கி இறந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஆகவே முட்டையை எடுக்கும் முன்பே அதன் மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்வார்கள் அனுபவசாலிகள். அந்தப் புள்ளி கடைசி நாள் வரை மேலேயே இருக்க வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கொத்தாகவே எடுக்க வேண்டும்.

தாயின் உடல் நடுக்கம்

முட்டையிட்டதும் போய்விடுவதே பெரும்பாலான பாம்புகளின் வழக்கம். வெயில் பட்ட மண், மக்கும் இலை, அழுகிய மரம் ஆகியவையே முட்டைக்கு வெப்பம் தருகின்றன. ஆனால் சில தாய்ப் பாம்புகள் அப்படி விட்டுவிட்டுப் போவதில்லை.

மலைப்பாம்பு முட்டைகளைக் குவித்து அதைச் சுற்றி உடலை வளைத்துப் படுத்துக்கொள்ளும். இந்திய மலைப்பாம்பு முட்டைகளை உடல் வெப்பத்தால் அடைகாக்கிறது என்று லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி 1830களில் பாரீஸ் அறிஞர்களிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. குளிர் இரத்தப் பிராணி எப்படி வெப்பம் தரும் என்பது அவர்களின் கேள்வி. 1841 இல் பாரீஸ் விலங்குக் காட்சியகத்தில் ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வாலன்சியேன் என்ற விலங்கியலாளர் வெப்பமானியை வைத்து அளந்து பார்த்தார். பாம்பின் உடல் சுற்றுப்புறக் காற்றைவிட வெப்பமாகவே இருந்தது. தாய்ப் பாம்பு தன் தசைகளை விடாமல் வெட்டி வெட்டி நடுக்குவதால் அந்த வெப்பம் பிறக்கிறது என்பது 1960களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் உறுதியானது. காற்று குளிரக் குளிர அந்த நடுக்கம் கூடும். குளிரில் மனிதன் நடுங்குவது தன்னைக் காக்க; மலைப்பாம்பு நடுங்குவது பிள்ளையைக் காக்க.

ராஜநாகத்தின் கதை இன்னும் வியப்பானது. இலைச் சருகுகளை உடலால் கூட்டி இழுத்து மேடாகக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு அது. தாய் கூட்டின் மேலேயே காவல் இருக்கும். முட்டை பொரியும் முன் இடத்தை விட்டுப் போய்விடும். கர்நாடகத்தின் ஆகும்பேயில் 2005 இல் ரோமுலஸ் விட்டேக்கர் அமைத்த மழைக்காட்டு ஆய்வு நிலையம் ராஜநாக ஆய்வுக்குப் பேர் பெற்றது. அங்கே பின்பற்றப்படும் அணுகுமுறை, கூட்டைக் கலைத்து முட்டைகளை அள்ளிச் செல்வதன்று. கூடு இருக்கும் இடத்திலேயே அதைக் கண்காணிப்பது. பாம்பு தானே தேர்ந்தெடுத்த இடத்தைவிட நல்ல அடைகாக்கும் பெட்டி வேறில்லை என்பதே அதில் உள்ள பாடம்.

பிரிஞ்சாங்கின் குளிரில் என்ன ஆகும்?

கீழ்நாட்டில், அதாவது ஈப்போவிலோ கிள்ளானிலோ, வீட்டுக்குள் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். அங்கே சோளப் பாம்பு முட்டைக்குச் சூடு கூடிவிடாமல் பார்ப்பதே வேலை. பிரிஞ்சாங்கின் கதை தலைகீழ். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. பகலில் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தேயிலைக்கு இந்தக் குளிர் வரம். வெப்ப நாட்டுப் பாம்பின் முட்டைக்கோ இது ஆகாது.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பின் முட்டைக்கு 26 முதல் 29 டிகிரி வரை வேண்டும். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த பந்து மலைப்பாம்பின் முட்டைக்கு 31, 32 டிகிரி தேவை. இந்த வெப்பம் சீராகக் கிடைத்தால் இரண்டுக்குமே ஏறக்குறைய 60 நாளில் குட்டி வெளிவரும். வெப்பம் குறைந்தால் நாள் நீளும். மிகவும் குறைந்தால் கரு வளராது. வெப்பம் மிஞ்சினால் முதுகெலும்பு கோணிய குட்டி பிறக்கலாம், அல்லது முட்டையிலேயே இறந்துபோகலாம். குளிரைவிடச் சூடே ஆபத்து என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில மணி நேரக் குளிரை முட்டை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சில மணி நேரக் கடுஞ்சூட்டைத் தாங்காது.

பிரிஞ்சாங்வாசிகள் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. "எங்கள் ஊரில்தான் எப்போதும் ஈரமாயிற்றே, தண்ணீர் எதற்கு?" என்று நினைப்பார்கள். 18 டிகிரியில் பனிமூட்டத்தோடு இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்ததுதான். அதே காற்றைப் பெட்டிக்குள் 28 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பாதியளவுக்கு இறங்கிவிடும். சூடான காற்றுக்கு ஈரத்தை ஏந்தும் திறன் அதிகம் என்பதே காரணம். ஆகவே மலையில் சூடும் வேண்டும், ஈரமும் வேண்டும்.

பெட்டி எப்படி அமைகிறது?

சந்தையில் மீனும் காய்கறியும் வரும் போலிஸ்டிரீன் பெட்டியே போதும். மூடி சரியாகப் பொருந்த வேண்டும். அடியில் ஊர்வன வளர்ப்போர் பயன்படுத்தும் வெப்பக் கம்பி அல்லது வெப்பத் தகடு. அதை நேரடியாக மின்சாரத்தில் சொருகிவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் என்னும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகவே இணைக்க வேண்டும். அதன் உணர்முனை முட்டை இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய சில புட்டிகளைப் பெட்டிக்குள் வைத்தால் அவை வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். தனியாக ஒரு வெப்பமானியும் தேவை. கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி மோசம் போனவர்கள் பலர்.

முட்டைகள் நேராகப் பெட்டியில் இருப்பதில்லை. மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற பொருளைப் பரப்பி, அதில் பாதி புதையும்படி முட்டைகளை வைப்பார்கள். இரண்டும் தாவர நாற்றங்கால்களில் பயன்படுபவை. கேமரன் மலைத் தோட்டக்காரர்களுக்குப் புதியவை அல்ல. வெர்மிகுலைட் எவ்வளவு எடையோ ஏறக்குறைய அதே எடைத் தண்ணீர் சேர்ப்பது பொதுவான கணக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. டப்பாவில் ஓரிரு சிறு துளைகள் போதும். மூடியில் திரளும் நீர் முட்டையின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் உயிர் கொடுக்கும்; தேங்கிய நீர் உயிரை எடுக்கும்.

இவை எல்லாம் முட்டை வந்த பிறகு தொடங்கும் வேலை அல்ல. சோளப் பாம்பு முட்டையிடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு முறை தோல் உரிக்கும். அதுவே முன்னறிவிப்பு. அன்றே பெட்டியை வெறுமனே இயக்கி, இரவு பகல் இரண்டிலும் வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பல நாள் பார்த்துவிட வேண்டும். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் தடைபட்டால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம். பெட்டியைக் கம்பளியால் சுற்றி, வெதுவெதுப்பான நீர்ப்புட்டிகளை உள்ளே வைத்துச் சில மணி நேரத்தைக் கடத்தலாம். கொதிநீரை வைத்துவிடக் கூடாது.

கரு இருக்கிறதா?

இருட்டறையில் சிறிய கைவிளக்கை முட்டையின் பக்கத்தில் பிடித்தால் உள்ளே சிவந்த நரம்புகள் வலைபோல் தெரியும். அது உயிர் உள்ள முட்டை. மஞ்சளித்து, சிறுத்து, கெட்டியாக இருப்பவை பெரும்பாலும் கரு இல்லாதவை. முட்டையைத் தூக்கித் திருப்பாமலே இதைப் பார்த்துவிடலாம்.

"எங்கள் வீட்டில் இருப்பது பெண் பாம்பு ஒன்றுதானே, கரு எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெண் பாம்பு ஆணின் விந்தணுவை உடலில் நெடுநாள் சேமித்து வைக்கக்கூடியது. கடையில் இருந்து வரும்போதே அது இணை சேர்ந்திருக்கலாம். அதைவிட அதிசயமும் நடந்திருக்கிறது. 2012 இல் அமெரிக்காவின் லூயிவில் விலங்குக் காட்சியகத்தில், ஆணோடு சேராத வலைப்பின்னல் மலைப்பாம்பு ஒன்று இட்ட முட்டைகளில் 6 குட்டிகள் பிறந்தன. அவை தாயின் மரபணுவில் இருந்து மட்டுமே உருவானவை என்பதை ஆய்வு காட்டியது. 2020 இல் செயின்ட் லூயிஸ் காட்சியகத்தில் 60 வயதைத் தாண்டிய பந்து மலைப்பாம்பு ஒன்று 7 முட்டைகள் இட்டது. 20 ஆண்டுகளுக்கு மேலாக அது ஆண் பாம்பின் அருகில் இருந்ததில்லை. ஆகவே தனித்த பெண் பாம்பு என்பதால் முட்டை வெறும் முட்டை என்று முடிவு கட்டிவிட முடியாது.

முதலைக்கும் ஆமைக்கும் முட்டையின் வெப்பமே ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பாம்புக்கு அப்படி இல்லை. அதன் பாலினம் மரபிலேயே முடிவாகிவிடுகிறது. வெப்பத்தை மாற்றி விரும்பியபடி பெண் குட்டிகளைப் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

பொரியும் நாள்

கடைசி நாட்களில் முட்டை அங்கங்கே குழிந்து தளர்ந்து காணப்படும். பயப்பட வேண்டாம். குட்டியின் மேல் உதட்டு முனையில் முட்டைப்பல் என்ற சிறு கூர்மை இருக்கும். அதனால் ஓட்டைக் கீறிவிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டும். அப்படியே ஒரு நாள், இரண்டு நாள் கூட இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆர்வத்தில் குட்டியை இழுத்து வெளியே எடுப்பவர்களே பல குட்டிகளின் சாவுக்குக் காரணமாகிறார்கள். தானாக வரும் வரை விட்டுவிட வேண்டும்.

வெளிவந்த குட்டி ஒரு வாரம், பத்து நாளில் முதல் தோலை உரிக்கும். அதன் பிறகே இரை தேடும். அதுவரை மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு. ஒவ்வொரு குட்டிக்கும் தனித் தனி டப்பா, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள இடம் தேவை. பால் வைக்கக் கூடாது. பாம்பு பால் குடித்து வளரும் பிராணி அல்ல.

"முட்டையில் இருந்து வளர்த்தால் பாம்பு நன்றி மறக்காது" என்ற நம்பிக்கையும் உண்மையல்ல. கோழிக் குஞ்சு முதலில் பார்த்ததைத் தாயாக நினைப்பதுபோல் பாம்புக் குட்டி நினைப்பதில்லை. கையில் எடுத்துப் பழக்கினால் பயம் குறையும். பாசம் பிறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதேபோல் முட்டையை எடுத்தவர் வீட்டைத் தேடித் தாய்ப் பாம்பு பழிவாங்க வரும் என்பதும் கதைதான்.

தோட்டத்தில் கிடைக்கும் முட்டை

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ப்புப் பாம்பின் முட்டைக்கு. தோட்டத்தில் கிடைக்கும் முட்டைக்கு இதில் ஒன்றுகூடப் பொருந்தாது. இந்த வேறுபாடுதான் உயிரைக் காப்பது.

காய்கறித் தோட்டத்து எருக்குவியலும் மக்கும் தழைக்குவியலும் உள்ளே சூடாக இருப்பவை. இங்கிலாந்தின் புல்பாம்பு குளிரான நாட்டில் முட்டையிட எருக்குவியலையே தேடிப்போகும் என்பது நன்கு அறியப்பட்டது. குளிர்ந்த மலையிலும் அப்படிப்பட்ட இடங்களைக் கிளறும்போது கவனம் தேவை. குழந்தைகள் மண்ணில் இருந்து மென்மையான நீள்வட்ட முட்டைகளை எடுத்துச் சோற்றுப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வந்தால் பெற்றோர் சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

முட்டையின் வெளித்தோற்றத்தைப் பார்த்து எந்தப் பாம்பு என்று சொல்வது பொதுவாக இயலாத காரியம். நாகத்தின் முட்டையும் நஞ்சற்ற பாம்பின் முட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நாகக் குட்டி முட்டையில் இருந்து தலை நீட்டும் போதே நஞ்சோடு வருகிறது. மலையில் வாழும் பழுப்பு நிறக் குழிவிரியன் வகைகள் முட்டையிடுபவை. இவ்வகைத் தாய் முட்டைக்குப் பக்கத்திலேயே இருப்பதும் பதிவாகியிருக்கிறது. முட்டையை எடுக்க நீட்டும் கை தாயின் வாய்க்குப் பக்கத்தில் போகலாம்.

ஆகவே தோட்டத்தில் முட்டையைக் கண்டால் தொடாமல் விலகி நிற்க வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. வீட்டை ஒட்டிய இடமாக இருந்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கோ, பொதுத் தற்காப்புப் படைக்கோ தகவல் சொல்லலாம். அவசரத்துக்கு 999 இருக்கிறது. யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரிஞ்சாங் மக்களுக்குத் தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். பின்னர் அதன் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. நம் நாட்டு வலைப்பின்னல் மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாட்டுப் பாம்பாக இருந்தாலும் வாங்கும் முன், இனப்பெருக்கம் செய்யும் முன், விற்கும் முன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. கடைக்காரர் சொன்னார் என்பது சட்டத்தின் முன் நிற்காது.

பொரிந்த பிறகு என்ன?

பொரிக்க வைப்பது கடினமில்லை. பொரிந்தவற்றை என்ன செய்வது என்பதே கடினம். இதற்குத் தமிழ்நாட்டில் இருந்தே ஒரு சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976 இல் தொடங்கிய முதலைப் பண்ணை அழிந்துவந்த முதலை இனத்தைப் பெருக்கும் நல்ல நோக்கத்தோடு பிறந்தது. முட்டைகள் பொரிந்தன, முதலைகள் பெருகின. ஆனால் அவற்றைக் கொண்டுபோய் விட ஆறுகளில் இடம் இல்லாமல் போயிற்று. கடைசியில் 2022 இல் ஏறக்குறைய 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் ஏற்பாடு வந்து, அது நீதிமன்றம் வரை போய்த்தான் நிறைவேறியது. அறிவியலாளர்கள் நடத்தும் பண்ணைக்கே அந்த நிலை என்றால் ஒரு தோட்ட வீட்டின் நிலை என்ன?

14 குட்டிகளுக்கு வாரம் ஒன்று என்றாலும் மாதம் 56 எலிக்குஞ்சுகள் வேண்டும். ஒவ்வொன்றும் நன்றாகக் கவனித்தால் 15, 20 ஆண்டு வாழும். இன்று பள்ளியில் படிக்கும் மகன் வேலைக்குப் போய், திருமணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பாம்புகள் இருக்கும். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

"முடியாவிட்டால் காட்டில் விட்டுவிடலாமே" என்பார்கள் சிலர். அந்த ஒரு வார்த்தைதான் மிகப் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லப்பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. 2012 இல் வெளிவந்த ஆய்வின்படி அங்கே ரக்கூன் என்ற விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டது. முயலும் நரியும் காணவே இல்லை. பாம்பைப் பிடிக்க நாய்களையும் போட்டிகளையும் வைத்துப் பார்த்த அந்த நாடு, 2017 சனவரியில் யாரை அழைத்தது தெரியுமா? தமிழ்நாட்டு இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். தடம் பார்த்து இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. 2023 இல் இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. தமிழர் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது. சில வீடுகளில் இருந்து வெளியேறிய பாம்புக்காகக் கடல் கடந்து ஆள் வரவழைக்கும் நிலை ஏன் வந்தது?

கேமரன் மலையின் காடு வேறெங்கும் இல்லாத உயிர்களைக் கொண்டது. அங்கே அந்நியப் பாம்பைக் கொண்டுபோய் விடுவது இரக்கம் ஆகாது. குளிரில் அது செத்தால் அந்தப் பாம்புக்குத் துன்பம். பிழைத்தால் காட்டுக்குத் துன்பம்.

முடிவு என்ன?

அம்மா கேட்டதும் சரி, மகன் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு இப்படி அமைகிறது. உரிமம் சரியாக இருக்கிறது, பெட்டி தயாராக இருக்கிறது, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பொறுப்பான வீடு முன்பே நிச்சயமாகி இருக்கிறது என்றால் பொரிக்க வைக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். 14 முட்டையையும் பொரிக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டுக்கு மட்டும் வீடு இருந்தால் இரண்டை மட்டும் வைக்கலாம். மற்றவற்றை இட்ட அன்றே, கரு மேலும் வளரும் முன்பே, உறைய வைத்து அகற்றிவிடுவது பொறுப்பான வளர்ப்பாளர்களிடம் உள்ள வழக்கம். கேட்கக் கடுமையாகத் தோன்றும். 14 குட்டிகளைப் பிறக்க வைத்துப் பட்டினி போடுவதைவிட அது கருணை.

இன்னொன்றையும் மகன் செய்யலாம். அடுத்த முறை ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விடாமல் இருக்கலாம். முட்டையைப் பற்றிய யோசனை முட்டை வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டால், பல வீடுகளில் இந்த விவாதமே எழாது.